தள்ளி விழுந்த வெடி

"வுச்சீரியாவின் கற்கள் காயும்போது தருகிறேன்" என்று ஒரு பலெர்மோக்காரர் சொன்னால், அந்தக் காசை மறந்துவிட வேண்டியதுதான். மீன்கடைத் தண்ணீரில் எந்நேரமும் நனைந்து கிடந்த சந்தை இது. இன்று கற்கள் காய்ந்துதான் கிடக்கின்றன. ரெனாத்தோ குத்தூசோ 1974இல் வரைந்த ஓவியத்தில் தொங்கும் மாட்டிறைச்சியும் வாள்மீனும் அப்படியே இருக்க, கீழே தெருவில் சில கடைகளே மிச்சம். இரவானால் குடிக்க வருகிறவர்களின் சத்தம்.

நாங்கள் மூன்று பேர். கரச்சொலோ சதுக்கத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில், ஒரே அறையில் இருக்கிறோம். மூவரும் முப்பதுகளில். மூவருக்கும் ரெஸ்ரோரண்ட் வேலை: கோப்பை கழுவுவது, கணவாய் துப்புரவாக்குவது, இரவு ஒரு மணிக்குக் குசினி நிலம் கழுவுவது. எண்பதுகளிலேயே இந்த நகரத்துக்கு வந்து, பெல்லெகிரினோ மலையேறி சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து, வீடும் பிள்ளைகளுமாய் வேரூன்றிவிட்ட எங்கள் ஆட்களுக்கு நாங்கள் பிந்தி வந்தவர்கள். எங்களில் ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்வரை கணிதமும் புள்ளிவிபரவியலும் படித்தவன். ஒருவன் ஒட்டுசுட்டான் பக்கம், வேட்டைக்காரக் குடும்பம். இருவருக்கு அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கிறது. எது யார் என்பது இங்கே தேவையில்லை.

ஒருநாள் பின்னேரம் வேலைக்கு இறங்கும்போது படியில் ஏதோ உருண்டு வந்து எங்கள் காலடியில் நின்றது. பித்தளைக் கோது. வெறும் கோதுதான். குனிந்து எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. மேலேயிருந்து முதலாம் மாடிக் கிழவர், கையில் ஒரு தகரப் பேணியோடு, "பயப்படாதீர்கள் பிள்ளைகளே, அது செத்தது" என்றார்.

அவரைத் 'த்ஸியோ' என்று கூப்பிடுவோம். ஊரில் வயதானவரை மாமா என்பதுபோல. கப்பல் கட்டும் தளத்தில் லேத் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. துவக்கும் மருந்தும் சட்டப்படி பொலிசில் பதிந்தவை. துவக்கு, இத்தாலியப் படை 1891இல் ஏற்றுக்கொண்ட கார்க்கானோ. 1963இல் டல்லாஸில் கென்னடி கொல்லப்பட்டபின் கண்டெடுக்கப்பட்டதும் இந்த இனத்தின் குட்டை வடிவம்தான். பழைய படைத் துவக்குகளுக்கென்றே இங்கே 100 மீட்டர்ப் போட்டிகள் நடக்கின்றன. அதற்காகத் தன் தோட்டாக்களைத் தானே செய்கிறார்: பழைய கோதைத் துடைத்து, அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு அழுத்தி, மருந்து நிறுத்துப் போட்டு, சன்னத்தை மேலே பொருத்துவது. மருந்து கிரெயின் கணக்கு. ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெயினுக்கு மேல் வரும். அவர் அதில் பத்திலொரு பங்கை நிறுப்பார். மருந்துக் கொம்பனி அச்சிட்ட அட்டவணையின் மேலெல்லையை மட்டும் ஒருநாளும் தாண்டமாட்டார். "தாண்டினால் துவக்கு என் முகத்தில் வெடிக்கும்" என்பார்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அவருக்குக் கண் மங்கிவிட்டது. கொப்பியில் எண் எழுத ஆள் வேண்டும். எங்கள் கணிதக்காரன் ஞாயிறு காலைகளில் போய் எழுதிக் கொடுத்தான். பிறகு நாங்களும் கோப்பிக்குப் போனோம். ஒரு சாமானையும் தொட்டதில்லை. தொடச் சொல்லி அவர் கேட்டதுமில்லை.

அவருடைய சிக்கல் இதுதான். சுடுகளம் தூரம். காரை விற்றுவிட்டார். மருமகன் ஒருவர் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் போவார். தோள் தாங்காது, ஒரு தடவைக்கு 15 வெடிதான். அந்த 15ஐ ஐந்தாகப் பிரித்து, ஐந்து மருந்து அளவுகளில் மும்மூன்று வெடி வைப்பார். எந்த மூன்று ஓட்டைகள் நெருங்கி விழுந்தனவோ அந்த அளவே சரி என்று கொப்பியில் வட்டம் போடுவார். அடுத்த தடவை வேறொரு அளவு வெல்லும். இரண்டு வருடம் இப்படியே போயிருக்கிறது. ஒரே அளவு இரண்டு தடவை வென்றதில்லை.

கொப்பியை முன்னிருந்து பின்வரை படித்துவிட்டு எங்கள் ஆள் சொன்னான்: "த்ஸியோ, இதில் வென்றது மருந்து இல்லை, அதிர்ஷ்டம்." கிழவருக்குக் கோபம் வந்தது. இவன் தாள் எடுத்துக் கணக்குப் போட்டான். மூன்று வெடியில் சராசரியாக 60 மில்லிமீட்டர் பரவுகிற துவக்கு, ஒன்றுமே மாறாமல், ஐந்து வெடியில் 76ம் பத்து வெடியில் 95ம் பரவும். அதுமட்டுமல்ல, அதே மருந்து மூன்று வெடியில் ஒருநாள் 40ம் இன்னொரு நாள் 80ம் காட்டுவது சர்வசாதாரணம். மூன்று ஓட்டை ஒரு துவக்கின் குணத்தைச் சொல்லாது. அன்றைய பொழுதைத்தான் சொல்லும்.

குறைந்த எண்ணிக்கையை வைத்து எவ்வளவு நிச்சயமாகப் பேசலாம் என்ற கேள்விக்கு 1908இல் ஒரு பதில் வந்தது. எழுதியவர் டப்ளின் கின்னஸ் பியர் ஆலையில் வேலை செய்த வில்லியம் கொசெட். தன் பெயரில் எழுதாமல் 'மாணவன்' என்ற புனைபெயரில் எழுதினார். யாழ்ப்பாணத்தில் கரும்பலகையில் அந்தச் சூத்திரத்தைப் பார்த்தபோது, பியர் குசினியின் பக்கத்தில் நின்று அதைத் திரும்ப நினைப்போம் என்று யார் கண்டது?

புதிய ஒழுங்கு இப்படி வந்தது. ஐந்து வகை வேண்டாம், இரண்டு போதும். முதல் வெடி குழல் சூடேற. மிச்சம் 14இல் வகைக்கு ஏழு, ஒன்று மாறி ஒன்றாக. அப்போது காற்றும் குழலின் சூடும் இரண்டு வகைக்கும் சமமாகப் பங்காகும். குறிக்கருவியை இடையில் திருப்பக்கூடாது. எல்லாத் தாளிலும் குறிப்புள்ளி ஒன்றே. ஒரு தடவையின் ஏழோடு அடுத்த தடவையின் ஏழைக் கூட்டலாம். ஓட்டைகளின் நடுவைக் கண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இரண்டு ஓரங்களை மட்டும் அளந்தால் நடுவிலுள்ள வெடிகள் வீணாகிவிடும்.

"தள்ளி விழுந்ததை என்ன செய்வது?" என்று த்ஸியோ கேட்டார். "மூச்சுப் பிசகிவிட்டது, கை ஆடிவிட்டது என்று எனக்கே தெரிந்த வெடியை?"

"சுடுமுன் சொன்னால் விடலாம். ஓட்டையைப் பார்த்தபின் சொன்னால் விடமுடியாது."

கிழவர் நெடுநேரம் பேசவில்லை. தன்னுடைய இரண்டு வருடக் கொப்பியில் அவர் எத்தனை ஓட்டைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்றிரவு ஒட்டுசுட்டான்காரன் தன் அம்மப்பாவைப் பற்றிச் சொன்னான். அவரிடம் இருந்தது இடியன் துவக்கு. வாய்வழியாக மருந்து கொட்டி, தும்பு வைத்து இடித்து, சன்னம் போட்டு, மேலே தும்பு வைத்து மறுபடி இடிக்க வேண்டும். பழகுவதற்கென்று அவர் ஒரு வெடிகூட வைத்ததில்லை. மருந்துக்கு வழியில்லை. ஒரே மூங்கில் குழலால் அளப்பார், எண்ணி இடிப்பார். பன்றியைக் கண்டால் சுடமாட்டார். இன்னும் கிட்டப் போவார். "தெரியாத துவக்குக்குத் தூரத்தைக் குறை" என்பாராம். அவரும் போய்விட்டார். 2008 இடப்பெயர்வில் அந்த இடியன் எங்கே கைவிடப்பட்டதென்று ஒருவருக்கும் தெரியாது.

ஒருமுறை நாங்களும் களத்துக்குப் போய் வேலிக்கு வெளியே நின்றோம். முதல் வெடிக்கே மூவரும் குந்திவிட்டோம். மருமகன் சிரித்தார். த்ஸியோ சிரிக்கவில்லை. ஒரு தாளில் ஓட்டை போடுவதற்காக ஒரு மனிதன் இவ்வளவு கவனமாக இருக்கலாம் என்பது எங்களுக்குப் புதிது. எங்கள் பக்கம் வந்த ரவைகளை யாரும் நிறுத்துப் போட்டிருக்கமாட்டார்கள்.

ஐந்து தடவை, எட்டு மாதம். வகைக்கு 35 ஓட்டை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக யன்னல் கண்ணாடியில் பிடித்தால், சந்தை வெளிச்சம் எல்லா ஓட்டைக்குள்ளாலும் வந்தது. இரண்டு மருந்து அளவுக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு மருந்தை அப்படியே வைத்துச் சன்னத்தை மாற்றிப் பார்த்தார். சாதாரண 6.5 சன்னத்தின் விட்டம் 6.71 மில்லிமீட்டர், கார்க்கானோவின் குழற்பள்ளமோ 6.8. அந்தப் பத்திலொரு மில்லிமீட்டரை நிரப்பும் தடித்த சன்னத்தைப் போட்டதும், இரண்டாம் தடவையிலேயே ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியக் கூடி வந்தன. பெரிய வித்தியாசம் தானாகத் தெரியும். சின்ன வித்தியாசத்தைத்தான் இரண்டு வருடம் துரத்தியிருக்கிறார்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு.

ஆணைக்குழுவின் முன் போகுமுன், அனுபவப்பட்ட ஒருவர் எங்களுக்குச் சொன்னார்: "தம்பியவை, பொருந்தாததை விட்டிடுங்கோ. மூண்டு சம்பவம் காணும், நேராச் சொல்லுங்கோ." அப்படியே சொன்னோம். 2009இல் முகாம், பிறகு விசாரணை, பிறகு வீட்டுக்கு வந்தவர்கள். மூன்று ஓட்டை, நெருக்கமாக. நடுவில் ஒரு வருடம் எங்களை ஒருவரும் தேடி வரவில்லை. அந்த வருடம் நாங்கள் வகுப்புக்குப் போனோம், சிரித்தோம், ஒரு கலியாணத்தில் ஆடினோம்கூட. அதை விட்டோம். அதைக் கேட்டார்கள். திணறினோம். மறுப்புக் கடிதத்தில் அந்தத் திணறல்தான் காரணமாக எழுதியிருந்தது.

ஒரு தடவை, சில மணித்தியாலம், ஒரு மொழிபெயர்ப்பாளர். அதற்குள் ஒரு மனிதனின் வாழ்க்கை உண்மையா என்று தீர்ப்பது எவ்வளவு சரி என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தள்ளி விழுந்த வெடியை ஒளித்தது நாங்கள். அதையும் எழுத வேண்டும்.

மேன்முறையீட்டுக்கு இம்முறை எல்லாவற்றையும் எழுதினோம். கலியாணத்தையும் எழுதினோம். திகதி சரியாக நினைவில்லாத இடத்தில், நினைவில்லை என்றே எழுதினோம். சட்டத்தரணி இரண்டு பந்திகளை வெட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். இதனால் வெல்லுவோமா என்று எங்களுக்குத் தெரியாது. திகதி இன்னும் வரவில்லை.

போன ஞாயிறு த்ஸியோ களத்திலிருந்து வந்தார். ஏழு ஓட்டையில் ஆறு கூடியிருந்தன; ஒன்று இடப்பக்கம் தூரப் போயிருந்தது. அதைச் சுற்றித் தானே வட்டம் போட்டுவிட்டுக் கொப்பியை எங்களிடம் நீட்டினார்.

"எழுது" என்றார். "அதுவும் என்னுடையதுதான்."