ட்ரோபோனினும் சிபில் ஸ்கோரும்

ஊரில் அப்பா அம்மா, பிழைப்புக்கு நாம் வேறெங்கோ. அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் நம் கைக்கு முதலில் வருவது வாட்ஸப்பில் லேப் ரிப்போர்ட்தான். அதில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தால் போச்சு, அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. நான் படித்தது பி.காம்., வேலை வங்கியில். அதனால் வைத்தியம் சொல்லப் போவதில்லை. எண்ணைப் படிப்பது பற்றி மட்டும்.

2021 மே. நான் மைசூரு ராமாபுரத்தில், அப்பா பாளையங்கோட்டையில். 10-ஆம் தேதியிலிருந்து கர்நாடகா, தமிழ்நாடு இரண்டிலும் ஊரடங்கு. கொரோனாவோடு அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தங்கச்சி அனுப்பிய ரிப்போர்ட்டில் ட்ரோபோனின், இருக்க வேண்டியதைப் போல 3 மடங்கு.

"அண்ணே, நெஞ்சு வலிக்கலன்னுதான் அப்பா சொல்லுதாவ. பொறவு ஏன் இது கூடியிருக்கு?"

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ரத்தக் குழாய் அடைப்புதான் காரணம் என்றில்லை. வைரஸால் வரும் அழற்சி, ஆக்சிஜன் குறைவு, எதனாலும் கசியலாம்.

வூஹான் ரென்மின் மருத்துவமனை ஆய்வு ஒன்று 2020 மார்ச்சில் வெளிவந்தது. மொத்தம் 416 நோயாளிகள். ட்ரோபோனின் கூடி, இதயப் பாதிப்பு தெரிந்தவர்கள் 82. அவர்களில் இறந்தவர்கள் 42. பாதிப்பு இல்லாத 334 பேரில் இறந்தவர்கள் 15. அதாவது 51.2 சதவீதம், 4.5 சதவீதம். கணக்கை முடித்த நாளில் பெரும்பாலானவர்கள் இன்னும் வார்டில்தான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பயங்கரமான வித்தியாசம்தான். ஆனால் இது கூட்டத்தின் கணக்கு. சிபில் ஸ்கோர் குறைந்தவர்களில் கடன் கட்டாதவர்கள் அதிகம். அதற்காக எதிரே உட்கார்ந்திருப்பவர் கட்டமாட்டார் என்று எழுதிவிட முடியுமா? அவர் ஃபைலைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம், அவ்வளவுதான்.

டாக்டரும் அதைத்தான் செய்தார். அப்பாவுக்கு நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரண நாளிலேயே ட்ரோபோனின் கூடுதலாக இருக்கலாமாம். ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்லாமல் ஈசிஜி, எக்கோ பார்த்தார். மானிட்டர் மாட்டினார். மறுநாள் திரும்ப ரத்தம் எடுத்ததில் ஏறவில்லை. நாலாம் நாள் இறங்கியிருந்தது. பதினோராம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார்.

அதே வாரம் எங்கள் தெரு மாமா ஒருவர் போய்விட்டார். அவருக்கு ட்ரோபோனின் நார்மல். அந்த 334-க்குள்ளும் ஒரு 15 உண்டு என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

டெங்குவிலும் இதயத் தசை பாதிக்கப்படலாம். நாம் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டுமே விசாரிக்கிறோம். இனி ஊரிலிருந்து இப்படி ரிப்போர்ட் வந்தால் கூகிளிடம் போகாதீர்கள். டாக்டரிடம் மூன்றே கேள்வி: முன்பு எவ்வளவு இருந்தது? அடுத்த டெஸ்டில் ஏறுகிறதா, இறங்குகிறதா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது?