யார் கட்டிய கலம்?

சில வாரங்களாக என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, பாடம் முடிந்து எஞ்சும் பத்து நிமிடங்களில் ஒரு புதினத்தைத் தமிழில் சொல்லி வந்தேன். ஆர்தர் சி. கிளார்க் 1973இல் வெளியிட்ட 'ரெண்டெவூ வித் ராமா' என்னும் ஆங்கில நூல் அது. 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தவர் அவர். கிரேக்க, உரோமானியக் கடவுளரின் பெயர்கள் தீர்ந்துவிட்டதால் வானியலாளர் அப்பொருளுக்கு இராமனின் பெயரைச் சூட்டினர் என்று கதை கூறுகிறது.

சிறுகோள் என்று எண்ணப்பட்டது, அணுகிப் பார்த்தால் 50 கிலோமீட்டர் நீளமுள்ள உருளைக் கலம். உள்ளே ஒருவரும் இலர். கொலை இல்லை, துப்பறிவாளர் இல்லை. கட்டியவர் யார் என்பதே மர்மம். (மாந்தர்கள் சற்று நிழலாகவே வருகின்றனர் என்பது என் குறை.) வீரர்கள் இருளில் படியிறங்கும் இடத்தைச் சொன்னபோது, "நெத்தி வெளக்கு போட்டுப் பால்மரம் வெட்டப் போற மாதிரியா ஐயா?" என்றான் ஒரு மாணவன். அதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது.

கலம் நான்கு நிமிடத்திற்கு ஒரு முறை சுழல்கிறது. உட்புற ஆரம் 8 கிலோமீட்டர். கணக்கிட்டால், உட்சுவரில் நிற்பவருக்குப் புவியீர்ப்பில் பாதிக்குச் சற்று மேலான எடை கிடைக்கும். இதைக் காட்டத் திடலில் நீர் வாளியைச் சுழற்றினேன். முதல் முறை என் சட்டைதான் நனைந்தது. இரண்டாம் முறை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்று மாலை ஒரு தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். "சோதனை வருது சார். கதையெல்லாம் எதுக்கு?" என்றார். அவர் சினந்து பேசவில்லை. அதனால் எனக்கு இன்னும் சங்கடமாயிற்று. நிறுத்திவிடலாமா என்றும் எண்ணினேன்.

மறுநாள், கதவும் சன்னலும் இல்லாத கட்டடங்கள் நிறைந்த ஊர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் வாய் திறவாத அவருடைய மகள் எழுந்தாள். "எங்க பாட்டி இருந்த லயம் மாதிரி இருக்கு ஐயா." தோட்டம் செம்பனைக்கு மாறியபின் அங்கிருந்தோர் பாலிங்கிற்கும் சுங்கைப்பட்டாணிக்கும் பெயர்ந்துவிட்டனராம். கோயில் மட்டும் விளக்கேற்றப்படுகிறதாம். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று மற்றவர்கள் கேட்டனர். பாட்டியின் பெயரைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கதையை முடித்தேன். இராமா கதிரவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. கட்டியவர் யாரென்று நூல் சொல்வதில்லை. மாணவர்கள் ஏமாந்து கூச்சலிட்டனர். "இது கதையே இல்ல ஐயா!"

திங்கட்கிழமை அச்சிறுமி ஒரு தாளைக் கொணர்ந்தாள். வரிசையாக இருபது வீடுகள்; ஒவ்வொன்றிலும் குடியிருந்தோரின் பெயர்கள். தந்தையார் இரவு அமர்ந்து எழுதித் தந்தாராம். ஏழாம் வீட்டுக்காரரின் பெயர் நினைவுக்கு வரவில்லை என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.