கோடாங்கி வாசலில் போன ஒரு வருடம்



நேற்று கடமலைக்குண்டு பஸ் ஸ்டாப்பில் "சார், நல்லாருக்கீங்களா?" என்று ஒருவன் வந்து நின்றான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது இலவந்தோப்பு வேலைக்குப் போகிறான். அவனுக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன்.

2000-ஆம் ஆண்டு. அவனுக்கு இருபது வயது இருக்கும். தனியாகப் பேசினான். சோற்றில் விஷம் இருக்கிறது என்று சாப்பிட மறுத்தான். அவன் அம்மா என் வீட்டுக்கு வந்து அழுதார். "காத்து கருப்பு பட்டிருக்கும் தாயி, கோடாங்கிகிட்ட காட்டுங்க" என்றேன். வாத்தியார் வார்த்தைக்கு மறுபேச்சு ஏது? மந்திரித்த கயிறு, சேவல் பலி, உடுக்கடி என்று ஒரு வருடம் ஓடியது. கல்யாணம் செய்தால் சரியாகும் என்று பெண்கூடப் பார்த்தார்கள். கடைசியில் ஏர்வாடியில் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது.

அதற்குள் 2001 ஆகஸ்ட் 6 வந்தது. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பேப்பரைப் படித்ததும் அவன் வீட்டுக்கு ஓடினேன். மறுநாளே மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "சாமி கும்பிடுறதை நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்" என்றார் டாக்டர். சில மாதங்களில் பையன் வேலைக்குப் போனான்.

நாம் ஏன் முதலில் கோடாங்கியிடம் போகிறோம்? பேய் என்றால் பழி பேய்க்கு. பைத்தியம் என்றால் பழி குடும்பத்துக்கு. தங்கைக்கு வரன் வராது. இந்தப் பயம் உலகம் முழுக்க உண்டு. நைஜீரியாவில் டாக்டர் லம்போ 1954-லேயே ஒரு வழி கண்டார். நோயாளிகளைப் பூட்டி வைக்காமல், ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த கிராமங்களில் சொந்தக்காரர் துணையோடு தங்க வைத்தார். நாட்டு வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டார். நம் ஏர்வாடி தர்காவிலும் இப்போது துவாவோடு மருந்தும் தரும் திட்டம் வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது.

கோயிலுக்குப் போங்கள், தர்காவுக்கும் போங்கள். ஆனால் அதே வாரம் டாக்டரையும் பாருங்கள். க.விலக்கு அரசு ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம்தான். 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அந்த ஒரு வருடம் என்னால்தான் வீணானது என்று நேற்று அவனிடமே சொன்னேன். இதை எழுதட்டுமா என்றும் கேட்டேன். "எழுதுங்க சார். பேரு மட்டும் போடாதீங்க, மக கல்யாணத்துக்கு நிக்கிறா" என்றான்.

மாத்திரையால் அவன் தேறிவிட்டான். நம் ஊர் இன்னும் தேறவில்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்