இடப்பக்க இருக்கை

2016ஆம் ஆண்டில் நான் மலைப்பங்கிற்கு மாற்றலாகி வந்தபோது, எனக்கு முன்னிருந்த குருவானவர் சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "கோவில் சாவி தொலைந்தால் பூட்டை உடைத்துக்கொள்ளலாம். ஜீப் சாவி தொலைந்தால் ஏழு ஊரில் பூசை இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொன்னது உண்மையென்று ஒரு மாதத்திற்குள் விளங்கிவிட்டது. வத்தலக்குண்டுக்கு மேற்கே, காப்பிச் செடிகளும் மலைவாழையும் ஆரஞ்சு மரங்களும் செறிந்த கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் எங்கள் கிளைக் கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் மூன்றுக்கு அன்று தார்ச்சாலை இல்லை. கல்லும் சேறும் கலந்த தடத்தில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் போய்ச்சேர வேண்டும்.

அந்த ஜீப்புக்கு வயது முப்பதுக்கு மேல். ஒரு தோட்டத்து முதலாளி பயன்படுத்திப் பின்னர் பங்கிற்குக் கொடுத்தது. மேலே கித்தான் கூரை. பக்கங்களில் கதவு இல்லை. இருக்கைகளில் வழவழப்பான ரெக்சின் உறை. இவ்வகை வண்டியின் மூதாதை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941ஆம் ஆண்டில், அமெரிக்கப் படைக்காக உருவானது. அந்தப் போர்க்கால ஜீப்பின் பக்கவாட்டில் வெளிப்புறமாகக் கைப்பிடிகள் இருந்தன. சேற்றில் சிக்கிய வண்டியை வீரர்கள் நாலு பக்கமும் பிடித்துத் தூக்குவதற்கு அவை உதவின. எங்கள் ஜீப்பின் முன்பலகையைத் தோட்டத்தார் துருப்பிடித்துப்போனதென்று எப்போதோ கழற்றிவிட்டு, ஒரு பட்டறையில் வெறுந்தகட்டை வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். அதில் ஓட்டுநர் பார்ப்பதற்குரிய மானிகள் இருந்தன. அருகில் அமர்பவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுகள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

என் அருகில் அமர்ந்தவர் எங்கள் உபதேசியார். அறுபதைத் தாண்டியவர், குள்ளமான உருவம், சொல் குறைந்தவர். இளமையில் இதே ஊர்களுக்குக் கால்நடையாகவே சென்று செபம் சொல்லிக்கொடுத்தவர். திருப்பலிப் பெட்டியை மடியில் வைத்து வலக்கையால் அணைத்துக்கொள்வார். இடக்கை முன்கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தைப் பற்றியிருக்கும். மழையானாலும் பனியானாலும் அந்தக் கை வெளியே நீட்டியபடியே இருக்கும். நான் அவரோடு மறையுரையைப் பற்றியும், அன்பியக் கூட்டங்களைப் பற்றியும், கோவில் கூரையைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டுவேன். அவர் "ஆமா சாமி" என்பார். அதற்குமேல் பேச மாட்டார்.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் எங்கள் மலைப்பாதைகளில் மரங்களைச் சாய்த்துத் தடங்களை அரித்துவிட்டுப் போயிற்று. அதன்பின் கிளைக் கிராமங்களுக்குப் புறப்படும் நாளெல்லாம் உபதேசியார் ஏதேனும் ஒரு காரணம் சொல்லத் தொடங்கினார். ஒருநாள் பேரனுக்குக் காய்ச்சல், மறுவாரம் தோட்டத்தில் வேலை, அதற்கடுத்த வாரம் வெறுமனே, "இன்னைக்கு நீங்க போயிட்டு வாங்க சாமி." புயலில் வீடிழந்தோர் ஆறுதலுக்காகக் காத்திருந்த நாள்கள் அவை. எனக்குச் சினம் மூண்டது. ஒரு ஞாயிறு மாலை, சபையோர் நாலைந்து பேர் நிற்கையிலேயே, "உபதேசியாரே, முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். ஆர்வமுள்ள வேறொருவரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலைகுனிந்து நின்றார். பின்பு வழக்கம்போல மணியடிக்கப் போனார். இரு கையாலும் கயிற்றை இழுப்பவர், அன்று வலக்கையால் மட்டும் இழுத்தார். அதைப் பார்த்தேன், ஆனால் ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.

சில வாரங்களில், கோவில் படியில் கால் பிசகி எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கிளட்சை மிதிக்க இயலாத நிலை. பங்கின் இளைஞர் ஒருவர் ஓட்ட முன்வந்தார். ஓட்டுவதில் வல்லவர்தான். நான் முதன்முறையாக அந்த ஜீப்பின் இடப்பக்க இருக்கையில் ஏறி அமர்ந்தேன்.

அன்று கற்றதை நான் எந்த வகுப்பறையிலும் கற்றதில்லை. ஓட்டுகிறவன் கையில் சக்கரம் இருக்கிறது. அது வண்டியைத் திருப்புவதோடு அவன் உடலையும் தாங்குகிறது. எப்போது திரும்பப் போகிறோம் என்பதும் அவனுக்கு முன்னரே தெரியும். அவன் தசைகள் அதற்கு முன்னதாகவே ஆயத்தமாகிவிடுகின்றன. பக்கத்தில் இருப்பவனோ வளைவு வந்தபின்னரே அதை அறிகிறான். வண்டி இடப்பக்கம் திரும்பினால் அவன் கியர்க் கம்பியின்மேல் சாய்கிறான், அது பரவாயில்லை. வலப்பக்கம் திரும்பும்போது உடல் இடப்பக்கம், அதாவது கதவில்லாத திறப்பை நோக்கி வழுக்குகிறது. அங்கே கீழே பள்ளத்தாக்கு. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பலகையில் மோத வேண்டியதுதான். நான் எதைப் பற்றுவதென்று தடுமாறி, கடைசியில் என் இடக்கை தானாகவே கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. அந்த இடத்தில் சாயம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. இரண்டு ஆண்டுகளாக ஒரு கை பற்றிப் பற்றித் தேய்ந்த இடம் அது.

ஒன்பது கிலோமீட்டர் தூரம். இறங்கியபோது என் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஓட்டிவந்த தம்பி மகிழ்ச்சியோடு, "அதிரவே இல்லையே சாமி?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? நானும் அப்படித்தானே இரண்டு ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்!

அன்று மாலையே உபதேசியார் வீட்டிற்குச் சென்றேன். "தோள் வலி எத்தனை நாளாக?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய மனைவிதான் உள்ளிருந்து, "ஒரு வருசமா ராத்திரி தூங்கல சாமி. சட்டையை நான்தான் மாட்டி விடுறேன்" என்றார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன். உபதேசியார் மெல்லச் சொன்னார்: "நீங்க ஊருக்காக ஓட்டுறீங்க. பக்கத்துல உக்காந்து வர்றவன் என்னத்தைச் சொல்றது சாமி?"

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்பது எளிது. அந்த இருக்கை மறுவாரமும் அப்படியேதானே இருக்கும்? மறுநாளே வத்தலக்குண்டுக்கு இறங்கி ஒரு கைப்பிடி வாங்கிவந்தேன். கதவுகளில் மாட்டும் வகை. தெரிந்தவன் என்ற நினைப்பில் நானே இடப்பக்க இருக்கையில் அமர்ந்து, கைக்கு வசதியாகத் தோன்றிய இடத்தில் தகட்டைத் துளைத்து, திருகாணியால் பொருத்தினேன். இரண்டே பயணத்தில் திருகாணிகள் தளர்ந்து ஆடத் தொடங்கின. போதாக்குறைக்கு, உபதேசியார் அதைப் பிடிக்க இருக்கையின் நுனிக்கு நகர வேண்டியிருந்தது. நான் நெட்டை, என் கையின் நீளத்திற்கு நான் அளவெடுத்திருந்தேன்.

பட்டறைக்காரர் அதைக் கண்டு சிரித்தார். "சாமி, தகரத்துல திருகினா, ஆள் விழும்போது தகரமும் கையோட வரும். பின்னாடி தாங்கல் வேணும்." பிறகு அவர் சொல்லச்சொல்ல நாங்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன், பழைய ஜீப் வைத்திருப்போர்க்குப் பயன்படலாம்.

முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும். உபதேசியாரை இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் செய்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னார் பட்டறைக்காரர். அந்தக் கை எங்கே போய்த் தொட்டதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். முழங்கால் இடிக்காத உயரம்; தலை முன்னே சாய்ந்தாலும் முகத்தில் படாத தாழ்வு; இரண்டையும் சரிபார்த்தார். குறுக்குவாட்டில், இரு கையாலும் பற்றும் அகலத்தில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

முக்கால் அங்குல இரும்புக் குழாயில் உலர்ந்த மணலை நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து வளைத்தார். மணல் இல்லாவிட்டால் வளையும் இடத்தில் குழாய் நசுங்கிவிடுமாம். வளைத்தபின் மணலைக் கொட்டிவிட்டு, இரு முனைகளிலும் தடித்த இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்தார். முன்பலகைக்கும் குழாய்க்கும் இடையே, முட்டி உரசாமல் கை நுழையும் அளவு, இரண்டு அங்குல இடைவெளி.

துளையிடுமுன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். தகட்டின் பின்புறம் கைவிட்டுத் தடவி, விளக்கு ஒயர்களையும் வைப்பருக்குச் செல்லும் ஒயரையும் ஒதுக்கிக் கட்டினார். துளையிடும் ஊசி வழுக்காதிருக்க முதலில் புள்ளி அடித்து, மெல்லிய ஊசியால் துளைத்து, பின் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கேற்பப் பெரிதாக்கினார். வெட்டு விளிம்புகளை அரத்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினார். இல்லையேல் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது அடுத்த வேலை: தகட்டின் பின்னால் 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நீண்ட இரும்புப் பட்டையை வைத்து, நான்கு போல்ட்களையும் அதன் வழியாகச் செலுத்தி, வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் இட்டு முடுக்கினார். இழுக்கும் விசை நான்கு புள்ளிகளில் மட்டும் விழாமல் பட்டை முழுவதும் பரவும். வெளியே தெரிவது குழாய்தான். பாரத்தைத் தாங்குவது, யார் கண்ணுக்கும் தெரியாமல் பின்னால் இருக்கும் பட்டை. குளிரில் கை சில்லிடாதிருக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கீறிக் குழாய்மேல் இறுகச் சுற்றினோம்.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை முடுக்கிப் பாருங்க. அதிர்ச்சியில நட்டு இளகும். பிடி இருக்குதுன்னு வேகமா மட்டும் ஓட்டிடாதீங்க" என்று எச்சரித்து அனுப்பினார். சொன்னபடி நூறு கிலோமீட்டரில் சாவி போட்டுப் பார்த்தேன். இரண்டு நட்டுகள் கால் சுற்று முடுக்கம் வாங்கின.

கைப்பிடி பொருத்திய பிறகு உபதேசியார் வந்த முதல் பயணத்தில், திருப்பலிப் பெட்டியை மடியிலிருந்து எடுத்து வண்டியின் பின்புறம் கட்டி வைத்தேன். அவர் இரு கைகளையும் குழாயில் வைத்துக்கொண்டார். வலப்பக்க வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால், "திருப்புகிறேன்" என்று நான் சொல்லத் தொடங்கினேன். ஏழெட்டு வளைவுகளுக்குப்பின் அவர் சிரித்துவிட்டார். "எனக்குத்தான் பிடி இருக்கே சாமி" என்றார். அன்று வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தவர் அவர். எந்த வீட்டில் யார் பட்டினி கிடக்கிறார்கள், புயல் நிவாரணம் யாருக்குக் கிடைக்கவில்லை, எந்தக் குடும்பம் என்மேல் வருத்தமாயிருக்கிறது என்பதையெல்லாம் அன்றுதான் அறிந்தேன். விழாமலிருப்பதிலேயே முழு மனமும் போய்விட்ட ஒருவரிடமிருந்து, இரண்டு ஆண்டுகள் வெறும் "ஆமா சாமி"யைப் பெற்று, அதை இசைவென்று நான் எண்ணியிருந்தேன்.

எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வழியில் பிலிப்பு எத்தியோப்பிய அமைச்சரின் தேரில் ஏறி அவரருகில் அமர்ந்த நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் நூலில் பலமுறை வாசித்து மறையுரையாற்றியிருக்கிறேன். அவர் என்ன விளக்கம் சொன்னார் என்பதிலேயே என் கருத்தெல்லாம் இருந்தது. ஏறி உட்காருமாறு வேண்டிக்கொண்ட அந்த அமைச்சரை நான் கவனித்ததில்லை. அருகில் இடம் தந்தபின்னரே அங்கு விளக்கம் தொடங்கியது.

உபதேசியாரின் தோள் முழுவதும் குணமாகவில்லை. கையைத் தோள்மட்டத்திற்குமேல் உயர்த்த அவரால் முடிவதில்லை. மணிக்கயிற்றை இப்போது அவருடைய பேரன் இழுக்கிறான். ஒரு கைப்பிடியின் விலையில் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை அது. அந்தக் கணக்கு என் பெயரில் இருக்கிறது.

நான் அவசரப்பட்டு முதலில் போட்ட துளைகள் இன்றும் அந்த முன்பலகையில், கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே இருக்கின்றன. மழைநீர் இறங்காதபடி ரப்பர் அடைப்பான்களைச் செருகிவைத்திருக்கிறேன். வண்டிக்குப் புதுச்சாயம் அடித்தபோது, அவற்றைப் பற்றவைத்து மூடிவிடலாமா என்று பட்டறைக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.