ரோஸ் நிற விமானம்



கொஞ்சம் நீண்ட பதிவு. எங்கள் தவறு ஒன்றும் இதில் இருப்பதால் எழுதத்தான் வேண்டும்.

தரம் 11 பிள்ளைகளின் சுவர்ப் பத்திரிகைக்கு இம்முறை இரண்டாம் உலகப் போர்தான் தலைப்பு. ஒரு மாணவி ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றை அழகாகக் கீறிக்கொண்டு வந்திருந்தா. ஆனால் நிறம் ரோஸ். தங்கச்சியின் பெஸ்டல் பெட்டியில் அதுதான் மிச்சம் இருந்ததாம். பொடியன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொறுப்பாக இருந்த ஆசிரியர்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டோம்.

"யுத்த விமானத்துக்கு யாராவது ரோஸ் அடிப்பாங்களா மகள்? பச்சை அடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினோம். பிள்ளை ஒன்றும் பேசாமல் தாளை நாலாக மடித்து கொப்பிக்குள் வைத்துக்கொண்டா.

அன்றிரவு அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. தேடிப் பார்த்தோம். பிரிட்டிஷ் விமானப்படை உண்மையிலேயே ரோஸ் நிற ஸ்பிட்ஃபயர்களைப் பறக்கவிட்டிருக்கிறது! எதிரியின் இடங்களைப் படம் பிடிக்க மேகத்துக்குக் கீழே தாழப் பறந்தவை அவை. விடியலிலும் மாலையிலும் வெளிறிய ரோஸ் நிறம் மேகத்தோடு கரைந்துவிடும். மிக உயரத்தில் போய்ப் படம் பிடித்தவற்றுக்கு நீலம். சண்டை போடும் விமானங்களுக்கு மேற்பக்கம் பச்சையும் மண்ணிறமும். மேலிருந்து பார்ப்பவனுக்கு வயலும் காடும் மாதிரித் தெரியவேண்டும் என்பது கணக்கு. 1941 ஓகஸ்ட் முதல் மண்ணிறத்தின் இடத்துக்குச் சாம்பல் நிறம் வந்தது.

இதுவரை மறைந்துகொள்ளும் கதை. வாசிக்க வாசிக்க இன்னொரு கதையும் தெரியவந்தது. மறைவது எவ்வளவு முக்கியமோ, தன் ஆட்களுக்கு அடையாளம் தெரிவதும் அவ்வளவு முக்கியம்.

போர் தொடங்கிய நேரத்தில் பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. இடது சிறகு கறுப்பு, வலது சிறகு வெள்ளை. கீழே இருந்து பார்ப்பவர் "இது நம்முடையது" என்று அறிந்துகொள்ளத்தான். ஆனாலும் போர் அறிவித்து மூன்றே நாளில், 1939 செப்டம்பர் 6 அன்று, பொய்யான அபாய அறிவிப்பு ஒன்றால் கிளம்பிய ஸ்பிட்ஃபயர்கள் தங்கள் சொந்த ஹரிகேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்துபோனார். எதிரி அங்கே வரவேயில்லை.

1943 ஜூலை 11 இரவு நடந்தது இன்னும் கொடுமை. பரசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 அமெரிக்க விமானங்கள் சிசிலித் தீவுக்குப் போயின. இருட்டில் அடையாளம் தெரியாமல் தங்கள் பக்கத்துக் கப்பல்களும் கரையில் நின்ற படையினருமே சுட்டார்கள். 23 விமானங்கள் அழிந்தன.

அந்தப் பாடத்தால்தான் 1944 ஜூன் 6 நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் ஆயிரக்கணக்கான விமானங்களில் கோடு போட்டார்கள். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. சண்டை விமானத்தில் ஒவ்வொரு கோடும் ஒன்றரை அடி அகலம். இரகசியம் வெளியே போகக் கூடாதென்று கடைசி நேரத்தில்தான் கட்டளை வந்தது. பிரஷ்ஷை எடுத்து அவசரமாகப் பூசியதால் பல கோடுகள் கோணல்மாணலாக இருந்தன. ஒளிவதற்குப் பூசிய நிறத்துக்கு மேலேயே, தூரத்தில் இருந்தே பளிச்சென்று தெரியும் கோடுகள்! எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, நம்மவன் சுட்டு நாம் சாகக் கூடாது என்று அன்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

எங்கள் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1942 ஏப்ரல் 5 கொழும்பையும் 9 திருகோணமலையையும் ஜப்பானியர் தாக்கியபோது இரத்மலானை, கொழும்பு குதிரைப் பந்தயத் திடல், சீனக்குடா ஆகிய இடங்களிலிருந்து ஹரிகேன்கள் எழும்பிச் சண்டையிட்டன. ஜப்பானிய விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவிலும் சிவப்பு வட்டம். குழப்பம் வேண்டாமென்று பின்னர் இந்தப் பிராந்தியத்தில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தையும் வெளிறிய நிறத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்களும் தங்கள் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் புள்ளியை 1942 மே மாதத்தில் நீக்கினார்கள்.

அடுத்த நாள் ரோஸ் ஸ்பிட்ஃபயர் படங்களை வகுப்புக்குக் கொண்டுபோனோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அந்த மாணவியிடம், "நாங்க தெரியாம சிரிச்சிட்டோம், மன்னிச்சுக்கோங்க மகள்" என்றோம். பிள்ளை தாளை எடுத்து விரித்தா. மடிப்புக் கோடுகளோடுதான் இருந்தது. இப்போது அது சுவர்ப் பத்திரிகையின் நடுவில் இருக்கிறது.

முந்தின நாள் கூடச் சிரித்த பொடியன் ஒருவன் கை உயர்த்திக் கேட்டான்: "டீச்சர், சொந்த ஆக்களையே சுட்டவங்க பிறகு எப்படி நித்திரை கொண்டிருப்பாங்க?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. பாடப்புத்தகத்தில் திகதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, இது இல்லை. எதிரி என்று நினைத்து அவசரப்பட்டவர்கள் அவர்கள். நாங்களோ எங்கள் முன்னால் நின்ற பிள்ளையிடம், ஒரு நிமிடம் விசாரிக்காமல் அவசரப்பட்டோம். யா அல்லாஹ், எங்களை மன்னிப்பாயாக.

1942 இல் குண்டு விழுந்த கதையை உம்மும்மா, மூத்தாப்பா சொல்லக் கேட்டவர்கள் இருந்தால் கொமெண்டில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ்.