பாங்காக்கில் திருவெம்பாவை

தலங்களை வழிபடச் செல்வது யாத்திரை. ஊர்களைக் காணச் செல்வது உலா. இவ்விரண்டும் வேறென்பது பலர் கொள்கை. ஆயினும், கண்ணுக்கு விருந்து நாடிச் சென்ற இடத்திலே கருத்துக்கு மருந்து கிடைப்பதும் உண்டு. திருநெல்வேலிச் சீமையினின்றும் புறப்பட்ட சைவ அன்பர் பதின்மர், சயாம் என்று முன்னாளில் வழங்கிய தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கில், மார்கழித் திங்களிற் கழித்த ஒருநாள் அத்தகையது.

அவருள் மூத்தவர் எழுபதாண்டு கடந்தவர். தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். சித்தாந்த சாத்திரங்களை முறையாகப் பாடங்கேட்டவர். மனைவியாரை இழந்து மூன்றாண்டு சென்றிருந்தது. தனித்திருத்தல் வேண்டாவென்று மகனார் வற்புறுத்தியமையால் அன்பர் குழுவோடு உடன்வந்தார்.

அந்நகரிற் பல்லாண்டாக வாணிகஞ் செய்துவரும் தமிழன்பர் ஒருவர் வழிகாட்டினார். காலையில் அரண்மனையையும் அதனைச் சார்ந்த மரகதப் புத்தர் கோயிலையும் கண்டனர். முதலாம் இராமர் எனப்படும் அரசர் 1782இல் இந்நகரைத் தலைநகராக்கியபோது எழுந்தவை அவை. கோயிலின் சுற்றுமண்டபச் சுவரில் இராமகாதை 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. பின்னர் 46 மீட்டர் நீளமாகப் பள்ளிகொண்ட புத்தர் திருவுருவைக் கண்டு, படகேறிச் சாவ்பிரயா ஆற்றைக் கடந்து, பீங்கான் துண்டுகள் பதித்த அருணன் கோயிலையும் பார்த்தனர். இளைஞர் வியந்தனர், படம் பிடித்தனர். முதியவரோ யாதொன்றும் பேசாது நடந்தார்.

பிற்பகலில் நகரின் நடுவே ஓரிடத்தில் வண்டி நின்றது. செந்நிறம் பூசிய இரண்டு பெருந் தேக்குத் தூண்கள் வானளாவி நிற்க, அவற்றின் உச்சியை அணிவேலை செய்த விட்டமொன்று இணைத்திருந்தது. "இதுவே பேரூசல். ஆனால் ஊசற்பலகை இப்பொழுது இல்லை," என்றார் வழிகாட்டிய அன்பர். 1784இல் நிறுவிய அவ்வூசல் 1920இல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. மரம் பழுதுற்றமையால் ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு புதுக்கப்பெற்று 2007இல் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. முற்காலத்தே, சிவபெருமான் மண்ணுலகிற்கு எழுந்தருளும் விழாவில், ஆடவர் அதன்மேல் நின்று உயர ஆடி, எதிரே கம்பத்திற் கட்டிய காசுப் பையைப் பல்லாற் கவ்வுவர். பெருமானுக்குப் பகரமாக வீற்றிருக்கும் தலைவர் ஒருகாலை மட்டும் நிலத்தில் ஊன்றி, ஆட்டம் முடியுங்காறும் மற்றைக் காலைத் தாழ்த்தாதிருத்தல் வேண்டும். வீழ்ந்து மாய்ந்தாரும் உளர். 1935ஆம் ஆண்டளவில் ஊசலாட்டம் நின்றது. ஆனால் விழா நிற்கவில்லை.

"விழாவின் பெயர் யாது?" என்று முதியவர் வினவினார். அன்று அவர் வாய்திறந்து கேட்டது அதுவே முதன்முறை.

"திரியம்பவாய்," என்றார் அன்பர். "நம் திருவெம்பாவைதான் ஐயா. சிவபெருமானுக்கு அதுவும், திருமாலுக்குத் திரிபவாயும். அது திருப்பாவை."

அருகிலுள்ள தேவத்தானத்திற்கு அனைவரும் சென்றனர். அதுவும் 1784இல் எழுந்ததே. சிவபெருமானுக்கும் விநாயகருக்கும் திருமாலுக்கும் தனித்தனிக் கோயில்கள் அங்குள்ளன. வெள்ளாடை உடுத்துக் கொண்டை முடித்த அந்நாட்டு வேதியர், விழா நாள்களில் இரவிலே கயிலைக் கதவந் திறத்தற்குரிய பாடலெனத் திருவெம்பாவைப் பாடல்களை ஓதுகின்றனர். கிரந்தத்தை ஒத்த எழுத்தில் எழுதிய சுவடிகள் வழிவழியாகக் காக்கப்பட்டன. தமிழ் அவர் பேசும் மொழியன்று. நெடுங்காலம் வேற்றுநாட்டு நாவிற் பயின்றமையால் ஒலியும் மிகத் திரிந்துவிட்டது. மந்திரமென்று போற்றி ஓதி வருகின்றனர். அவ்வாண்டு விழா தொடங்கச் சின்னாள் இருந்தமையால் அதனைக் கேட்கும் பேறு குழுவினர்க்கு வாய்க்கவில்லை.

இளைஞர் ஒருவர் முதியவரை நோக்கி, "பொருளறியாமல் ஓதுவதாற் பயன் இல்லையென்று தாங்களே வகுப்பிற் சொல்வீர்களே, ஐயா! இதற்கு யாது சொல்வது?" என்றார்.

முதியவர் விடை கூறவில்லை. அவர் நெஞ்சு வேறொரு மார்கழிக்குச் சென்றிருந்தது. அவர் மனைவியார் எழுத்து வாசனை மிகுதியும் இல்லாதவர். தம் தாயார் ஓதக் கேட்டவாறே, விடியலிற் கோலமிட்டுக்கொண்டு திருவெம்பாவையைப் பாடுவார். ஓரிடத்திற் குறிலை நெடிலாக்குவார். ஓரிடத்தில் அடியிரண்டை முன்பின்னாக மாற்றுவார். ஒருநாள் காலை, மாணவர் சிலர் கேட்டிருக்க, ஆசிரியர் அப்பிழைகளை எடுத்துக்காட்டி, பிழைபட ஓதுவதினும் ஓதாதிருத்தல் நன்று என்றார். அம்மையார் மறுமொழி கூறவில்லை. மறுநாள் தொடங்கிக் கோலம் மட்டும் இட்டார். பின்வந்த மார்கழிகள் பலவற்றிலும் அவ்வீட்டு வாயிலிற் பாட்டொலி எழவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று கருதிய காலத்தே கேட்டற்கு அவர் இல்லை.

பொருளுணர்ந்து ஓதுதலே சிறப்பென்பதில் ஐயமில்லை. ஆயினும், கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று படி நான்கு வகுத்த நூல்கள் கேட்டலையே முதற்கண் வைத்தன. ஓதுவார் இலராயிற் கேட்பது எங்ஙனம்? கேளாதார் சிந்திப்பது எதனை? பொருளறியாத நாவொன்று கடல் கடந்த நாட்டிற் காத்த பாட்டைப் பொருளறிந்த நா ஒன்று தன் வாயிலிலேயே அடக்கிவிட்டது.

மாலையிற் சீலோம் தெருவில், தமிழர் 1879இல் எடுத்த மாரியம்மன் கோயிலை வழிபட்டு, அன்பர்கள் விடுதிக்குத் திரும்பினர். முதியவர் இளைஞரை அழைத்து, "தம்பி, பிற்பகலிற் கேட்டதற்கு விடை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவ்வாறு சொல்லிக்கொடுத்தது என் பிழை," என்று மட்டும் கூறினார்.

மறுநாள் விடியுமுன், விடுதி அறைகளில் துயின்றிருந்த அன்பர்கள் ஒரு குரல் கேட்டு விழித்தனர். முதியவர் நீராடி நீறணிந்து, சாளரத்தண்டை நின்று திருவெம்பாவை ஓதிக்கொண்டிருந்தார். ஓரிடத்திற் குறில் நெடிலாயிற்று. ஓரிடத்தில் அடியிரண்டு முன்பின்னாயின. அவரிடம் பாடங்கேட்ட இளைஞர்க்கு அது புலனாயிற்று. எனினும் அவர் திருத்தவில்லை. எழுந்து வந்து, அருகே நின்று, அவ்வாறே தாமும் ஓதினார்.

திருச்சிற்றம்பலம்.