செவலையும் நீலத் தார்ப்பாயும்

காதுகள்தான் முதலில் சொல்கின்றன. கத்தியவார் ரத்தம் கலந்த செவலைப் பெட்டைக் குதிரை அது. உள்பக்கமாக வளைந்த இரண்டு காது நுனிகளும் நெற்றிக்கு மேலே முட்டிக்கொள்ள, நடை சட்டென்று நின்றுபோகிறது. மூக்குத் துவாரங்கள் விரிகின்றன. ஒரு சீறல்.

வ. புதுப்பட்டியிலிருந்து மேற்கே, மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகும் மண்பாதை. ஆனி மாதத்துக் காற்று மலையிலிருந்து இறங்கி வீசுகிறது. பாதையோரம் பறித்துக் குவித்த மாங்காய்மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் கல் உருண்டுவிட்டது. அந்த மூலை மட்டும் எழும்பிப் படபடவென்று அடிக்கிறது. நமக்கு அது காற்று. செவலைக்கு அது பாய வருகிற ஏதோ ஒன்று.

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் என்னைக் குதிரையோடு வரும் இருவரும் கவனிக்கவில்லை. கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; தலையில் துண்டு, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய லுங்கி. பின்னால் சாட்டையோடு வருகிறவன் அவருடைய அக்கா மகன். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் சுழி பார்த்து, பல் பார்த்து வாங்கி வந்த குதிரை என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிகிறது. சுழியில் குறையில்லை. மிரட்சியைத்தான் சந்தையில் யாரும் பார்க்கவில்லை.

“மாமா, ரெண்டு வையுங்க. தன்னால போகும்.”

“வச்சா? அந்தத் துணியும் கடிக்குது, இந்த ஆளும் கடிக்கிறான்னு நெனைக்கும். பேசாம நில்லுடா.”

அவர் குதிரைக்கு முன்னால் நிற்கவில்லை. தோள்பட்டைக்குப் பக்கத்தில், அதன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கிறார். கயிறு தொய்வாக இருக்கிறது. அதைக் கையில் சுற்றிக்கொள்ளவில்லை. மடிமடியாக மடித்துப் பிடித்திருக்கிறார். சுற்றியிருந்தால், குதிரை பாய்கிற வேகத்தில் விரலோ மணிக்கட்டோ போய்விடும்.

தலையின் இரு பக்கமும் கண் வைத்த பிராணி குதிரை. ஏறக்குறைய 350 பாகை அதன் பார்வைக்குள் இருக்கிறது. மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் குருட்டு இடம். புல்வெளியில் அதன் முன்னோர்கள் ஓடித்தான் பிழைத்தார்கள். அசைவது என்னவென்று நின்று யோசித்த குதிரைக்குக் குட்டி மிஞ்சியிருக்காது. ஜட்கா குதிரைக்குக் கண்பட்டை கட்டியதும் இதனால்தான். பட்டை பயத்தை மறைக்கும். போக்காது.

தார்ப்பாய் மறுபடி அடிக்கிறது. செவலை பக்கவாட்டில் துள்ளி, அவர்மேலேயே சாய்கிறது. குளம்பு அவர் பாதத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுகிறது. அப்போதுதான் அவர் குரல் உயர்கிறது. “ஏய்!” முழங்கையால் அதன் தோளைத் தள்ளுகிறார், கயிற்றை ஒரே ஒரு சுண்டு, நெஞ்சில் கை வைத்து இரண்டடி பின்னால் நடத்துகிறார். அது பின்வாங்கி நின்றதும் கை தளர்ந்துவிடுகிறது. கோபத்தின் மிச்சம் முகத்தில் இல்லை.

பையனுக்கு விளங்கவில்லை. “இப்ப மட்டும் அதட்டுனீங்க?”

“பயப்படட்டும். அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். எம்மேல வந்து விழக்கூடாது.”

பயத்துக்குத் தண்டனை கிடையாது, ஆள்மேல் ஏறினால் கண்டிப்பு உண்டு. இந்தக் கோட்டை இவ்வளவு துல்லியமாகப் போடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கிரேக்கப் படைவீரர் செனபோன், கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் வற்புறுத்தினார்: மிரளும் குதிரையை அடித்தால் பயம் கூடும், பயந்த பொருளை நீயே முதலில் தொட்டுக் காட்டு. நம் பாண்டிய நாட்டிலோ வேறு கதை. காயல் துறையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் இறங்கின. வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய உயிர்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இவர் செனபோனைப் படித்தவர் அல்ல. ஆனால் நடந்து போய்த் தார்ப்பாயின் மூலையைத் தானே மிதிக்கிறார், கையால் தடவுகிறார். திரும்பிவந்து, “வா தாயி” என்கிறார். கயிறு லேசாக இழுபடுகிறது. செவலை ஒரு காலை முன்வைக்கிறது. அந்த நொடியிலேயே கயிறு தளர்கிறது. நின்றால் மெல்லிய இழுப்பு. ஒரு எட்டு வைத்தால் தொய்வு. அந்தத் தொய்வுதான் அதற்குக் கூலி. நொடி தப்பினால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. கழுத்து மெல்ல மெல்லத் தாழ்கிறது. வாய் எதையோ மெல்லுவதுபோல அசைகிறது. காதில் ஒன்று தார்ப்பாய்ப் பக்கம், இன்னொன்று அவர் பக்கம். கடைசியில் மூக்கை நீட்டி நீலத்தை முகர்ந்துவிட்டு, மாங்காய் வாசம் பிடித்ததும் உதட்டால் துழாவுகிறது. பிடரிமேட்டைச் சொறிந்துவிடுகிறார். தோப்பு வாசல்வரை போகிறார்கள்.

திரும்பி வருகையில் அதே இடத்தில் அதே துள்ளல்.

“இப்பத்தானே மாமா மோந்து பாத்துச்சு!”

“அது அந்தப் பக்கம். இது வேற பக்கம்.”

சரியாகச் சொன்னார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பொருளையே திருப்பி வைத்தபோது குதிரைகள் புதுப்பொருளைக் கண்டதுபோல மிரண்டன. ‘வேணும்னே பண்ணுது’ என்று எத்தனை குதிரைகள் இதற்காக அடிபட்டிருக்கும்!

அவர் பெருமூச்சு விடவில்லை, அவசரப்படவில்லை. மடித்த கயிற்றைப் பையனிடம் நீட்டுகிறார். அவன் சாட்டையை வரப்பில் போட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறான்.

“கையில சுத்தாதடா. மடிச்சுப் புடி. மொதல்ல நீ போயி அதைத் தொடு.”

“வண்டி எப்ப பூட்டலாம் மாமா?”

“ஆடிக் காத்து அடங்கட்டும். அதுவரைக்கும் தெனம் இந்தப் பாதைதான்.”